எந்த ஆர்பிஎம்முக்கு எந்தக் கேம்? திருத்தணிச் சாலைகளை முன்வைத்து ஒரு பார்வை

இன்ஜினைப் பிரித்து பெஞ்சில் பரப்பியாயிற்று. வால்வு தேய்க்க வேண்டும், ரிங் மாற்ற வேண்டும், போருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பேச்சு நடக்கிறது. இந்த இடத்தில்தான் வண்டிக்காரர் மெதுவாக ஆரம்பிப்பார்: "அண்ணே, பிரிச்சதுதான் பிரிச்சிட்டோம், அப்படியே ஒரு பெர்ஃபார்மன்ஸ் கேம் போட்டுட்டா என்ன?" திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர்ப் பட்டறைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேள்வியும் நியாயமானதுதான். இன்ஜினின் குணத்தையே மாற்றக்கூடிய ஒற்றைப் பாகம் எது என்று கேட்டால் கேம் ஷாஃப்ட் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதில் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தோ நண்பர் வண்டியின் சத்தத்திலிருந்தோ வருகிறது. பணத்தைப் போட்டு கேம் மாற்றிய பிறகு, "மேல நல்லா போகுது, ஆனா மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்று திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தச் செலவு தவிர்த்திருக்கக்கூடியது.

கேம் தேர்வில் கவனிக்க வேண்டிய கணக்குகள், நம் வட்டாரச் சாலைகள், இங்கே அதிகம் ஓடும் இன்ஜின்கள், கேமோடு சேர்ந்து வரும் வேலைகள், சட்டம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் மாற்றுவது, பெரும்பாலும், இன்ஜினின் பலத்தை ஓர் ஆர்பிஎம்மிலிருந்து இன்னோர் ஆர்பிஎம்முக்கு இடம் மாற்றுவதுதான். ஆகவே வண்டி நாள் முழுக்க எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கேமைப் பற்றிப் பேச வேண்டும்.

ரேஸ் மண்ணும் டூ-ஸ்ட்ரோக் மரபும்

திருவள்ளூர் மாவட்டத்துக்கு மோட்டார் சைக்கிள் ரேஸ் அந்நியமானதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்தி, பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று டிராக் அமைத்துக்கொண்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்ய ஆரம்பித்தது. இன்று ராயல் என்ஃபீல்டின் பெரிய ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இயங்குகின்றன. ஓசூரின் டிவிஎஸ் 1982 முதல் சொந்த ரேஸிங் அணி வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் இன்ஜின் பற்றிய அறிவு நம் வீட்டு வாசலிலேயே வளர்ந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் அந்த அறிவின் பெரும்பகுதி டூ-ஸ்ட்ரோக்கில் வளர்ந்தது. யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வண்டிகளில் கேமும் கிடையாது, கேமால் திறக்கும் வால்வும் கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட்டுகளைப் பிஸ்டனே மேலும் கீழும் போகையில் திறந்து மூடும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் போர்ட் சீக்கிரம் திறக்கும், நேரம் கூடும், பலம் மேல் ஆர்பிஎம்முக்கு நகரும். இதைக் கையால் செய்து, காதால் சரிபார்த்து, ஒரு சிலிண்டர் கெட்டால் இன்னொன்றை எடுத்து வேலை பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. 1996-ல் ஆர்எக்ஸ் 100 நின்றது. புகை விதிகள் இறுக இறுக மற்ற டூ-ஸ்ட்ரோக்குகளும் போய்விட்டன. அரம் செய்த அதே வேலையை ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கேம் செய்கிறது. ஆனால் கேமின் வடிவத்தைக் கண்ணும் காதும் மட்டும் வைத்து எடைபோட முடியாது. அதற்கு அளவு வேண்டும், கணக்கு வேண்டும். பழைய கைப்பழக்கத்தை மட்டும் நம்பிக் கேம் தேர்ந்தெடுக்கும்போது தடுமாறுவது இதனால்தான்.

கேமின் வேலை

கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்றும். அதிலுள்ள மேடு, அதாவது லோப், வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு தூரம் திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், எப்போது மூடும் என்ற நான்கையும் தீர்மானிக்கிறது.

பிஸ்டன் கீழே போய் நின்ற பிறகும் இன்டேக் வால்வை உடனே மூடிவிடுவதில்லை. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைக்கோயில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். வாசலில் இருப்பவர் நின்றாலும், பின்னாலிருந்து வரும் கூட்டத்தின் வேகம் இன்னும் பத்துப் பேரை உள்ளே தள்ளிவிடும். இன்டேக் குழாயில் வரும் காற்றும் அப்படித்தான். 7000 ஆர்பிஎம்மில் காற்றுக்கு வேகம் அதிகம். வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் கூடுதல் கலவை உள்ளே சேரும். 2500 ஆர்பிஎம்மில் அந்த உந்துதல் கிடையாது. தாமதமாக மூடினால், மேலேறி வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே மறுபடி குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு வேகத்துக்கும் ஒரே கேம் முழுப் பொருத்தமாக இருக்க முடியாது. கேம் தேர்வின் சிக்கல் மொத்தமும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கேம் கார்டைப் படிப்பது

நல்ல தயாரிப்பாளர் கேமோடு ஓர் அளவுச் சீட்டு தருவார். அதில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது லிஃப்ட். வால்வு தன் இருக்கையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் எழும்புகிறது என்பது. வால்வு விட்டத்தில் கால் பங்கு அளவுக்கு லிஃப்ட் வந்துவிட்டால், சுற்றிலும் உள்ள இடைவெளியின் பரப்பும் வால்வின் பரப்பும் சமமாகிவிடும். 32 மிமீ வால்வுக்கு அது 8 மிமீ. அதற்கு மேல் தூக்குவதில் ஆதாயம் குறைந்துகொண்டே போகும், ஸ்ப்ரிங்குக்குப் பாரம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் நேரத்தைக் கூட்டாமல் லிஃப்டை மட்டும் மிதமாகக் கூட்டுவது கீழ் ஆர்பிஎம்மை அதிகம் கெடுக்காது. சாலை வண்டிக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது டியூரேஷன். கிராங்க் கணக்கில் வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பது. இதில் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். சிலர் வால்வு அசையத் தொடங்குவதிலிருந்து அளப்பார்கள். சிலர் 1 மிமீ எழும்பிய பிறகு அளப்பார்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர்களிடம் 0.050 அங்குலம், அதாவது 1.27 மிமீ என்ற கணக்கு உண்டு. ஒரே கேமை ஒருவர் 280 என்றும் இன்னொருவர் 240 என்றும் எழுதலாம், இரண்டும் சரியாகவே இருக்கும். எந்த லிஃப்டில் அளந்தது என்று தெரியாமல் இரண்டு கேம்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது ஓவர்லேப். பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளியை ஒட்டி எக்ஸாஸ்ட், இன்டேக் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். மேல் ஆர்பிஎம்மில் வெளியேறும் புகை புதுக் கலவையை இழுத்துக்கொடுக்கும். ஐடிலிங்கில் அதே ஓவர்லேப் புகையை இன்டேக் பக்கம் கசியவிடும். ரேஸ் கேம் போட்ட வண்டி நிற்கும்போது தாறுமாறாகத் துடிப்பது இதனால்தான். அந்தத் துடிப்பைக் கேட்டு வண்டிக்குப் பலம் கூடிவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் சரியாக நிரம்பவில்லை என்பதைத்தான் அந்தத் துடிப்பு காட்டுகிறது.

நான்காவது இன்டேக் வால்வு மூடும் புள்ளி. பலர் பார்க்காமல் விடும் எண் இது. எனக்கு நான்கிலும் இதுதான் முக்கியம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு சாதாரண கேமில் இன்டேக் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்பு திறந்து, அடிப்புள்ளியைத் தாண்டி 60 டிகிரியில் மூடுகிறது என்று வையுங்கள். 20, 180, 60 மூன்றையும் கூட்டினால் டியூரேஷன் 260. எக்ஸாஸ்டும் இதே அளவில் இருந்தால் ஓவர்லேப் 40 டிகிரி, இரண்டு லோப்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலான கோணம் 110. இன்னொரு கேமில் இன்டேக் 40-ல் திறந்து 70-ல் மூடுகிறது. டியூரேஷன் 290, ஓவர்லேப் 80, கோணம் 105. முன்னதைவிட டியூரேஷன் 30 டிகிரிதான் கூடியது. ஓவர்லேப்போ இரண்டு மடங்காகிவிட்டது.

கம்ப்ரஷனையும் பாருங்கள். இன்டேக் வால்வு மூடிய பிறகுதான் பிஸ்டன் உண்மையாகவே அழுத்தத் தொடங்குகிறது. வழக்கமான நீளமுள்ள கனெக்டிங் ராடு கொண்ட இன்ஜினில், 60 டிகிரியில் மூடினால் ஸ்ட்ரோக்கில் 80 சதவீதம் மீதியிருக்கும். 70 டிகிரியில் மூடினால் 73 சதவீதம்தான். 9.5 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினில் நடைமுறை விகிதம் முதல் கேமில் சுமார் 7.8, இரண்டாவதில் சுமார் 7.2. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை ஏன் செத்துப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. பெரிய கேம் போடுகிறவர்கள் கம்ப்ரஷன் கூடிய பிஸ்டனையும் சேர்த்துப் போடுவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

கூடும் பவர் எங்கிருந்து வருகிறது

நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். டார்க் கொஞ்சம் குறைந்தாலும், அதை உயர்ந்த ஆர்பிஎம்மில் கொடுக்க முடிந்தால் குதிரைத்திறன் கூடிவிடும். பெர்ஃபார்மன்ஸ் கேம் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

டிவிஎஸ் கம்பெனியே இதற்கு ஒரு சான்று வைத்திருக்கிறது. 2021-ல் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி வண்டி 9250 ஆர்பிஎம்மில் 17.63 பிஎஸ் பவரும், 7250 ஆர்பிஎம்மில் 14.73 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 200 வண்டிகள் மட்டும் என்று அறிவித்து அவர்கள் கொண்டுவந்த 165 ஆர்பி-யில் உயர் லிஃப்ட் கேம், பெரிய வால்வு, இரட்டை ஸ்ப்ரிங், உயர் கம்ப்ரஷன் பிஸ்டன் எல்லாம் சேர்ந்தே வந்தன. பவர் 10,000 ஆர்பிஎம்மில் 19.2 பிஎஸ் ஆக உயர்ந்தது. டார்க்கோ 8750 ஆர்பிஎம்மில் 14.2 நியூட்டன் மீட்டர். சிசி கூடியும் உச்ச டார்க் சற்றுக் குறைந்து, 1500 ஆர்பிஎம் தள்ளிப்போயிருக்கிறது. ரேஸ் டிராக்குக்கு இது அருமையான மாற்றம். பின்னால் ஆளும் பையும் ஏற்றிக்கொண்டு மேடேறுகிறவருக்கு இந்த மாற்றம் எதிர்ப்பக்கத்தில் வேலை செய்யும். ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தாலேயே தவிர்க்க முடியாத இந்தக் கொடுக்கல் வாங்கலை, ஒரு பட்டறை கேமை மட்டும் மாற்றித் தாண்டிவிட முடியாது.

நம் சாலைகள் கேட்பது என்ன

1960-ல் தமிழகத்தோடு இணைந்த திருத்தணி, இன்றும் இரண்டு மாநில வண்டிகளும் வந்து போகும் ஊர். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாக வரும் நெடுஞ்சாலை இங்கிருந்து நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று திருப்பதிக்குப் போகிறது. மறுபக்கம் அரக்கோணம், சோளிங்கர், பள்ளிப்பட்டு சாலைகள். 365 படிகள் ஏறும் மலைக்கு வண்டிப்பாதையும் இருக்கிறது.

இந்தச் சாலைகளில் ஓடுகிற வண்டிக்குப் பெரும்பாலும் மூன்று விதமான வேலை. ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து போவது. கிருத்திகை நாட்களிலும் டிசம்பர் 31 இரவு படிபூஜை சமயத்திலும் இது மணிக்கணக்கில் நீளும். அடுத்தது லாரிகளைத் தாண்டிப்போகும் நெடுஞ்சாலை. அங்கே தேவைப்படுவது கியர் குறைக்காமலே கிடைக்கும் நடு ஆர்பிஎம் இழுவை. மூன்றாவது திருமலை மலைப்பாதை. அங்கே நேரம் பதிந்த சீட்டுக் கொடுத்து, குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களுக்கு அபராதம் போடும் வழக்கம் உண்டு. டாப் ஸ்பீடுக்கு வேலையே இல்லை, தொடர்ந்த ஏற்றத்தில் விடாமல் இழுப்பதற்குத்தான் வேலை.

இன்னொன்று வெயில். கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வரும். காற்றால் குளிரும் இன்ஜின், மெதுவான ஏற்றம், கடும் வெயில் மூன்றும் சேர்ந்தால் நாக்கிங் வரும் வாய்ப்பு அதிகம். இழந்த கீழ் இழுவையைப் பிடிக்கக் கம்ப்ரஷனை ஏற்றிய இன்ஜின் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இந்த மூன்று வேலைக்கும் ஏற்ற கேம் என்ன? லிஃப்ட் சற்றுக் கூடியது, டியூரேஷன் ஒரிஜினலிலிருந்து அதிகம் விலகாதது, ஓவர்லேப் குறைவானது, இன்டேக் வால்வைத் தாமதப்படுத்தாமல் மூடுவது. இரண்டு அளவுகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். பெரியதை எடுத்து வருந்தியவர்கள்தான் அதிகம்.

இன்ஜின் வாரியாக

ஓர் இன்ஜினை எந்த ஆர்பிஎம் வரை கொண்டுபோகலாம் என்று மதிப்பிட, பிஸ்டனின் சராசரி வேகம் நல்ல அளவுகோல். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, ஆர்பிஎம்மால் பெருக்கி, அறுபதால் வகுத்தால் போதும்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-க்கு போர் 70 மிமீ, ஸ்ட்ரோக் 90 மிமீ. 5500 ஆர்பிஎம்மில் பிஸ்டன் வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். கனத்த ஃப்ளைவீலும் நீண்ட புஷ்ராடும் உள்ள இந்த இன்ஜினை 6500-க்கு விரட்டினால் கனெக்டிங் ராடின் மேல் விழும் இழுவிசை 40 சதவீதம் கூடும், ஏனென்றால் அது ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுகிறது. இதற்கு மிதமான கேம் மட்டுமே. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் தனித்தனிக் கேம் வீல் இருப்பது இந்த இன்ஜினின் வசதி. இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் போன்ற கடைகள் இன்றும் இதற்குக் கேம் விற்கின்றன. எதைப் போட்டாலும் பழைய விதி மாறாது: இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

2008-க்குப் பிறகு வந்த ராயல் என்ஃபீல்டின் யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜினில் டப்பெட்டுகள் ஹைட்ராலிக். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் இவற்றுக்கு, அதற்கென்று வடிவமைத்த கேம்தான் பொருந்தும். மற்ற டப்பெட்டுக்கான கூர்மையான கேமைப் போட்டு ஆர்பிஎம்மை ஏற்றினால் வால்வு முழுக்க மூடாமல் நின்றுவிடும்.

2020-ல் மீட்டியரோடு வந்த ஜே வரிசை 350-ல் கேம் ஹெட்டுக்கு மேலேறிவிட்டது. 72 மிமீ போர், 85.8 மிமீ ஸ்ட்ரோக், 6100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறன், 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர். 6100-லேயே பிஸ்டன் வேகம் 17.4 மீட்டர். கம்பெனி இதை நடு ஆர்பிஎம்முக்கென்றே செய்திருக்கிறது, நம் சாலைகள் கேட்பதும் அதையே. இதில் கேமைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

2018-ல் வந்த 650 இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் வேறு இனம். ஸ்ட்ரோக் 67.8 மிமீதான். 7250 ஆர்பிஎம்மிலும் பிஸ்டன் வேகம் 16.4 மீட்டர், அதாவது பழைய புல்லட் 5500-ல் எட்டும் அளவு. சிலிண்டருக்கு நான்கு வால்வு. மேலே போக இடமிருக்கிறது. அமெரிக்காவின் எஸ் அண்டு எஸ் சைக்கிள் இதற்குக் கேம் செய்திருக்கிறது. டிராக்குக்குப் போகிறவர்கள் கேமில் செலவு செய்ய நியாயமான ராயல் என்ஃபீல்டு இதுதான்.

யமஹா ஆர்15 காட்டும் வழி இன்னொன்று. 2018-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இன்டேக் பக்கம் இரண்டு விதமான லோப் வைத்து, 7400 ஆர்பிஎம்மில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள். ஒரே கேம் இரண்டு வேகத்துக்கும் பொருந்தாது என்ற பிரச்சினைக்கு இது நேரடியான பதில். இப்படிப்பட்ட இன்ஜினில் வெளிக்கேம் போடுகிறவர் இரண்டு லோப்களின் கணக்கையும் புரிந்திருக்க வேண்டும்.

கேமோடு வரும் வேலைகள்

கேம் தனியாக வராது. லிஃப்ட் கூடினால் ஸ்ப்ரிங் கூடுதலாக அமுங்கும். முழுக்க அமுங்கிய நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, ரீட்டெய்னர் வால்வு கைடில் இடிக்கக்கூடாது. ஸ்ப்ரிங் பலம் போதாவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் வால்வு லோப்பைப் பின்தொடராமல் மிதக்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பிஸ்டனும் வால்வும் மோதுவது. இதைப் பார்க்கும் முறை எளியது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் வால்வு வெட்டுள்ள இடங்களில் அப்பி, மேலே லேசாக ஆயில் தடவி, ஹெட்டை கேஸ்கெட்டோடு வைத்து இறுக்கி, டப்பெட் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றினால் களிமண்ணில் வால்வின் தடம் பிறை வடிவில் பதிந்திருக்கும். அதை பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் சுமார் 1.5 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2 மிமீ இருந்தால் பொதுவாகப் பாதுகாப்பு. எக்ஸாஸ்ட் வால்வு வெப்பத்தில் அதிகம் நீளும், பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டே மேலேறும், அதனால் அங்கே கூடுதல் இடம். அரை நாள் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்த்தால் வளைந்த வால்வும் உடைந்த பிஸ்டனும் மிஞ்சும்.

டைமிங்கையும் டிகிரி தகடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். 32 பல் உள்ள கேம் ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் 22.5 டிகிரி போய்விடும். காற்றும் பெட்ரோலும் மாறும் என்பதால் கார்புரேட்டர் வண்டியில் ஜெட், இன்ஜெக்ஷன் வண்டியில் இசியு மேப் இரண்டையும் டைனோவில் வைத்துத் திருத்த வேண்டும். அதைச் செய்யாத கேம் மாற்றம் பாதி வேலைதான்.

புதுக் கேம் வாங்காமல் பழையதையே கிரைண்ட் செய்து தரும் லேத்துகளும் உண்டு. லோப்பின் அடிவட்டத்தைக் குறைத்து லிஃப்டைக் கூட்டுவது அவர்களின் முறை. கேமின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. அந்தத் தோலைத் தாண்டி அரைத்துவிட்டால் லோப் சீக்கிரமே குழி விழுந்து தேயும். அடிவட்டம் குறையும்போது ராக்கர் வால்வைத் தொடும் கோணமும் மாறும். கிரைண்ட் செய்கிறவரிடம் மறுபடி கடினப்படுத்துவாரா, எந்த அளவை வைத்து லோப் வரைகிறார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அங்கே கொடுக்காதீர்கள்.

இருக்கிற கேமை முதலில் அளக்கலாம்

"பிக்கப் இல்லை" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குப் புதுக் கேமே தேவைப்படாது. லோப்பின் மூக்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சின்னக் குழி இருந்தாலும் நகம் சிக்கும். பிறகு மைக்ரோமீட்டரில் மூக்கிலிருந்து அடிவரை ஓர் அளவு, அதற்குக் குறுக்கே ஓர் அளவு. கழித்து வருவது லோப்பின் லிஃப்ட். அது கம்பெனி அளவைவிடக் குறைந்திருந்தால், கம்பெனி கேமையே புதிதாகப் போட்டாலும் இழந்த பலம் திரும்பிவிடும். டைமிங் செயின் நீண்டிருந்தால் கேம் பின்தங்கி, கீழ் இழுவை குறையும். டப்பெட் இடைவெளி, அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச் எல்லாம் இதே புகாரைத் தரும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் மேட்டில் தடுமாறினால், பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டிப் பாருங்கள். கேம் செலவில் ஒரு சிறு பங்கில், அதே சாலையில், அதைவிட நிச்சயமான பலன் கிடைக்கும்.

சட்டம்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த ஒரிஜினல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கேம் வெளியே தெரியாதே என்பது வாதமாகாது. ஓவர்லேப் கூடினால் ஐடிலிங்கில் எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும், மாசுச் சான்று எடுக்கும் இடத்தில் அது தெரிந்துவிடும். வாரண்டி போகும், விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரலாம். ரேஸ் கேம் ரேஸ் வண்டிக்கு மட்டும்தான். டிராக்குக்குப் போகிறவர்களும் தங்கள் பிரிவின் விதிப் புத்தகம் கேம் மாற்றத்தை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

முடிவாக

தொகுத்துச் சொன்னால் வரிசை இதுதான். வண்டி ஓடும் சாலையையும் ஆர்பிஎம்மையும் எழுதிக்கொள்ளுங்கள். இருக்கிற கேமையும் டைமிங்கையும் அளந்து குறையைச் சரிசெய்யுங்கள். ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். அதற்கும் பிறகு தேவை இருந்தால், அளவுச் சீட்டோடு வரும் கேமை மட்டும், ஸ்ப்ரிங், களிமண் சோதனை, டைனோ செலவையும் சேர்த்து யோசித்து வாங்குங்கள். இந்த வட்டாரத்தில் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது, மூன்றாவது படியிலேயே வேலை முடிந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஓட்ட ஆசைப்படும் இளைஞருக்குக் கடைசிப் படி வரை போக வேண்டியிருக்கும். அவர் தயங்காமல் போகட்டும், அளந்து போகட்டும்.

நம் பட்டறைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரிக்கும் ஒவ்வொரு இன்ஜினின் லோப் உயரத்தையும், டைமிங் டிகிரியையும், பிஸ்டன் இடைவெளியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளைக் கூப்பிட்டு அளக்கவும் எழுதவும் பழக்குங்கள். டூ-ஸ்ட்ரோக் காலத்தில் கையோடும் காதோடும் இருந்த அறிவில் பெரும்பகுதி எழுதப்படாமலே போய்விட்டது. ஃபோர்-ஸ்ட்ரோக் அறிவாவது எண்களாக அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நோட்டுகள் நிறைந்தால், எந்தக் கேம் போடலாம் என்று கேட்கும் பையனுக்கு விளம்பரத்தைக் காட்ட வேண்டியிருக்காது. இதே சாலையில் ஓடிய வண்டிகளின் கணக்கைக் காட்டியே பதில் சொல்லலாம்.